பாத்ரூம் சீலிங்கிலை பெயின்ற் உரியுதா? முதல்லை ஈரம் எங்கையிருந்து வருதெண்டு பாருங்கோ

பாத்ரூம் சீலிங்கிலை பெயின்ற் உரிஞ்சு தொங்கத் தொடங்கினா கொழும்பிலை கனபேர் செய்யிற முதல் வேலை என்னெண்டா ஒரு பெயின்ற் பாஸைக் கூப்பிடுறது, அவர் வந்து உரிஞ்சதை மட்டும் சுரண்டிப்போட்டு மேலாலை ரெண்டு கோட் அடிச்சிட்டுப் போவார், ரெண்டு மாசம் வெள்ளையா வடிவா இருக்கும், பேந்து ஒரு மழைக்காலம் வந்து போக அதே இடத்திலை திரும்ப பப்படம் மாதிரி எழும்பி நிக்கும். உடனை பெயின்ற் கூடாது, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் எண்டுவினம். நூற்றுக்குத் தொண்ணூறு இடத்திலை பெயின்ற்றிலை ஒரு பிழையும் இருக்காது. பெயின்ற்றுக்குப் பின்னாலை ஈரம் நிக்குது, அல்லது பெயின்ற் பிடிக்க ஏலாத ஒண்டுக்கு மேலை அடிச்சிருக்கினம். இந்த ரெண்டிலை எதெண்டு தெரியாமல் காசு செலவழிக்காதேங்கோ, தயவு செய்து.

வேலையைத் தொடங்க முதல் உங்கட சீலிங் என்ன சாமானிலை செய்ததெண்டு பாருங்கோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்து பிளட்ஸ் எண்டா அனேகமா கொங்கிரீட் ஸ்லாப்தான், அதுக்குக் கீழை சீமெந்துப் பூச்சு, அதுக்கு மேலை பட்டி (மேற்பரப்பை மட்டமாக்கப் பூசுற பசை), பேந்து பெயின்ற். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளிலை பலகை சீலிங்கும் இருக்கும், சுண்ணாம்பு அடிச்ச சீலிங்கும் இருக்கும், தட்டையான அஸ்பெஸ்டஸ் ஷீட் அடிச்ச சீலிங்கும் இருக்கும். இந்தக் கடைசிச் சாமானைப் பற்றி கீழை தனியாச் சொல்லுறன், அதை வாசிக்காமல் சுரண்டுறதுக்கு ஏணியிலை ஏறாதேங்கோ.

இப்ப ஈரத்துக்கு வருவம். ஈரம் ரெண்டு பக்கத்தாலைதான் வரும். ஒண்டு மேலையிருந்து, அதாவது மேல்வீட்டு பாத்ரூம், அல்லது நீங்கள் கடைசி மாடி எண்டா மொட்டைமாடியும் அங்கை வைச்சிருக்கிற தண்ணித் தாங்கியும். மற்றது கீழையிருந்து, உங்கட குளியல் ஆவி. கண்ணாலையே ஓரளவு சொல்லலாம். ஒரு இடத்திலை மட்டும் வட்டமா மண்ணிறக் கரை போட்டு உரியுது, அந்த வட்டம் மெல்ல மெல்லப் பெருக்குது, வெள்ளையா உப்பு மாதிரி பூத்து நிக்குது எண்டா அது மேலையிருந்து வாற தண்ணி. அந்த வெள்ளை வேறொண்டுமில்லை, தண்ணி கொங்கிரீட்டுக்குள்ளாலை இறங்கேக்கை உள்ளை இருக்கிற உப்புகளைக் கரைச்சுக்கொண்டு வந்து வெளியிலை காயுது, பெயின்ற்றைப் பின்னாலையிருந்து தள்ளுறதும் அதுதான். அப்பிடியில்லாமல் ஷவருக்கு மேலை பரவலா சின்னச் சின்னச் செதிலா உரியுது, மூலைகளிலை கறுப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சணம் பிடிச்சிருக்கு எண்டா அது ஆவி.

சந்தேகமா இருந்தா ஒரு சோதினை இருக்கு, செலவே இல்லை. உரிஞ்ச இடத்திலை பெயின்ற்றைச் சுரண்டி துணியாலை துடைச்சு மேற்பரப்பைக் காயவிட்டிட்டு, 45 சென்டிமீற்றருக்கு 45 சென்டிமீற்றர் அளவிலை ஒரு கண்ணாடிப் பொலித்தீன் துண்டை வெட்டி நாலு பக்கமும் காத்துப் போகாமல் டேப் அடிச்சு ஒட்டுங்கோ. குறைஞ்சது 16 மணித்தியாலம் விடோணும், பின்னேரம் ஒட்டினா அடுத்த நாள் பின்னேரம் பாருங்கோ, இடையிலை வழக்கம் போலக் குளியுங்கோ. பொலித்தீனுக்கும் ஸ்லாப்புக்கும் நடுவிலை தண்ணித் துளி நிக்குது, அல்லது உள்ளை சீமெந்து கறுத்திருக்கு எண்டா ஈரம் ஸ்லாப்புக்குள்ளாலை வருது. துளி பொலித்தீனின்ரை வெளிப்பக்கம், உங்கட பக்கம் நிக்குது எண்டா அது ஆவி. ரெண்டு பக்கமும் நிண்டா ரெண்டு பிரச்சினையும் இருக்கு. ரெண்டையும்தான் பாக்கோணும்.

மேலையிருந்து வருது எண்டு தெரிஞ்சிட்டா பெயின்ற் வேலையை அப்பிடியே விட்டிட்டு மேல்வீட்டுக்குப் போங்கோ. போகேக்கை சண்டைக்குப் போற மாதிரிப் போகாமல் போனிலை எடுத்த படங்களோடை போய், "அன்ரி, ஒருக்கா வந்து எங்கட சீலிங்கைப் பாருங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு வந்து காட்டினா முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும், ஏனெண்டா மேலை இருக்கிற ஆக்களுக்கு தங்கட தண்ணி கீழை போகுதெண்டது அனேகமாத் தெரியாது, அவையின்ரை டைல் காய்ஞ்சு சுத்தமாத்தான் இருக்கும். பிறகு எந்தத் தண்ணி எண்டு பிரிச்சுப் பாக்கோணும். அவையள் எல்லாப் பைப்பையும் பூட்டிப்போட்டு தண்ணி மீற்றரைப் பாக்கட்டும், ஒருத்தரும் பாவிக்காமலே முள்ளுச் சுத்துது எண்டா வாற பைப்பிலை லீக், அது இரவும் பகலும் நிக்காமல் கசியும். மீற்றர் அசையேல்லை, ஆனா அவையள் குளிச்சு ரெண்டு மூண்டு மணித்தியாலத்திலை உங்கட பக்கம் நனையுது எண்டா போற பைப்பிலை, இல்லாட்டி டைலுக்குக் கீழை இருக்கிற வோட்டர் புரூஃபிங்கிலை பிழை. இதைப் பிடிக்கிறதுக்கு கேசரிக்குப் போடுற கலரைக் கொஞ்சம் தண்ணியிலை கரைச்சு தண்ணி போற ஓட்டைக்குள்ளை மட்டும் ஊத்தி ஒரு நாள் பாக்கலாம், கலர் கீழை வந்தா பைப் மூட்டு. வராட்டி அந்த ஓட்டையைத் துணியாலை அடைச்சு நிலத்திலை ஒரு அங்குலத்துக்குத் தண்ணி கட்டி 24 மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ, அப்ப கீழை நனைஞ்சா நிலம்தான். மேல்வீட்டு ஆக்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் கொஞ்ச நாள் நிக்கிற நேரம் வந்தா அதை விட நல்ல சோதினை வேறை இல்லை, அந்த நாளுகளிலை உங்கட வட்டம் காய்ஞ்சு வெளிறுதா எண்டு மட்டும் பாருங்கோ.

கதைச்சும் சரிவரேல்லை எண்டா பிளட்ஸிலை இருக்கிற மனேஜ்மென்ட் கோப்பரேஷனுக்கு (வீட்டுச் சொந்தக்காரர் சேர்ந்த நிர்வாகச் சபைக்கு) எழுத்திலை குடுங்கோ. 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்க அடுக்குமாடி உடைமைச் சட்டத்துக்குக் கீழைதான் அது இயங்குது, பொதுவான பைப்பு, மொட்டைமாடி மாதிரியான இடங்களைப் பராமரிக்கிறதும் அதின்ரை பொறுப்பு. வாயாலை சொல்லுறது மறந்து போகும், கடிதமும் படமும் இருக்கோணும், திகதி போட்டு.

கடைசி மாடிக்காரர் மழைக்குப் பிறகு மொட்டைமாடியிலை ஏறிப் பாருங்கோ. அரைவாசி நேரம் தண்ணி இறங்கிற ஓட்டை இலையும் ஊத்தையுமா அடைச்சு குளம் மாதிரி நிக்கும், அதைத் துப்பரவாக்கினாலே காணும்.

இன்னொண்டு, இதைப் பகிடியா எடுக்காதேங்கோ. பெயின்ற் உரிஞ்ச இடத்திலை துரு நிறத்திலை நீளக்கோடு தெரியுது, அல்லது சீமெந்து வெடிச்சு உள்ளை கம்பி தெரியுது எண்டா அது பெயின்ற் வேலையே இல்லை. கம்பி துருப்பிடிச்சா பருத்து கொங்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கும், பேந்து துண்டு துண்டா விழும். கடல் காத்துப் படுற இடங்களிலை இது கெதியா வரும். அதுக்கு மேலை பட்டி பூசி மறைச்சிட்டா உள்ளை என்ன நடக்குதெண்டு தெரியாமல் போயிடும், கீழை குளிக்கிற பிள்ளையின்ரை தலையிலைதான் விழும். ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ.

ஆவி எண்டா வைத்தியம் லேசு. கொழும்புக் காத்திலை ஏற்கனவே ஈரம் கனக்க, அதுக்குள்ளை ஹொட் வோட்டர் ஷவரைத் திறந்துவிட்டா அந்தச் சின்ன அறைக்குள்ளை ஆவி போக இடமில்லாமல் மேலை போய் சீலிங்கிலை தண்ணியாப் படியும், பக்கத்து அறையிலையோ மேல்வீட்டிலையோ இரவு முழுக்க ஏசி ஓடுது எண்டா ஸ்லாப் குளிர்ந்திருக்கும், இன்னும் கூடப் படியும். ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் வேணும். பொதுவா பாத்ரூம் காத்து மணித்தியாலத்துக்கு எட்டுத் தரம் மாறோணும் எண்டு கணக்கு, 2 மீற்றர் நீளம் 1.5 மீற்றர் அகலம் 2.7 மீற்றர் உயரம் எண்டா ஏறக்குறைய 8 கன மீற்றர், எட்டாலை பெருக்கினா மணிக்கு 65 கன மீற்றர் இழுக்கிற ஃபேன் காணும், பெட்டியிலை அந்த எண் போட்டிருக்கும், பாத்து வாங்குங்கோ. காத்து வெளியிலை போகோணும், சீலிங்குக்கு மேலை உள்ள வெறும் இடத்துக்குள்ளை விடக்கூடாது, விட்டா ஈரத்தை ஒளிச்சு வைச்ச மாதிரித்தான். குளிச்சு முடிஞ்ச பிறகும் 20 நிமிசம் ஓட விடுங்கோ, கதவுக்குக் கீழை ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும், காத்து உள்ளை வராமல் வெளியிலை போகாது. ஃபேன் போட வழியில்லாட்டி லூவர் கண்ணாடியைத் திறந்து வையுங்கோ, கனபேர் நுளம்புக்காக அதைப் பொலித்தீனாலை மூடி வைச்சிருக்கினம், அதை எடுத்திட்டு நுளம்பு நெற் அடியுங்கோ.

ஈரமே இல்லை, ஆனாலும் பாளம் பாளமாக் கழருது எண்டா கீழை சுண்ணாம்பு இருக்கு. உரிஞ்ச துண்டின்ரை பின்பக்கத்தைப் பாருங்கோ, வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும், சீலிங்கை ஈரக் கையாலை தடவினா கை பால் மாதிரி வெள்ளையாகும். பழைய வீடுகளிலை வருசா வருசம் அடிச்ச சுண்ணாம்பு தட்டுத் தட்டா இருக்கும், அது சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதை விட தன்னைத்தானே பிடிச்சுக்கொண்டு நிக்குது எண்டு சொல்லலாம், அதுக்கு மேலை எவ்வளவு விலையான எமல்ஷனை (தண்ணியிலை கலக்கிற பெயின்ற்றை) அடிச்சாலும் சுண்ணாம்போடை சேர்ந்து கழண்டு வரும். முழுக்க நனைச்சுச் சுரண்டி கழுவி எடுக்கோணும். குறுக்கு வழி இல்லை.

அஸ்பெஸ்டஸ் ஷீட் சீலிங் எண்டா காய்ஞ்சபடி சுரண்டவும் கூடாது, சாண்ட் பேப்பர் போடவும் கூடாது, மெசினாலை தேய்க்கவே கூடாது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்தத் தூசு கண்ணுக்குத் தெரியாது. தளர்ந்து தொங்கிறதை மட்டும் தண்ணி தெளிச்சு நனைச்சு ஈரத்துணியாலை எடுத்து, துணியோடை பையிலை கட்டிப்போட்டு, மிச்சத்தைத் தொடாமல் மேலாலை பிரைமர் (பெயின்ற்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு) அடிச்சு மூடிவிடுங்கோ. ஷீட் வெடிச்சிருந்தா ஆளை வைச்சு மாத்திறதுதான் சரி. அதே மாதிரி மிகப் பழைய எனாமல் (எண்ணெய்) பெயின்ற்றிலை ஈயம் இருக்கலாம், இலங்கையிலை ஈயத்துக்கு எல்லை போட்ட விதி 2013லைதான் நடைமுறைக்கு வந்தது, அதாலை பழைய தட்டுகளை நனைச்சுத்தான் தேய்க்கோணும், சின்னப் பிள்ளையளும் பிள்ளைத்தாச்சிகளும் அண்டைக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது.

சரி, தண்ணி நிண்டிட்டுது, இனி வேலை. லீக் திருத்தினவுடனை பூசத் தொடங்காதேங்கோ, ஸ்லாப் குடிச்ச தண்ணி காய வாரக்கணக்கு ஆகும், பொலித்தீன் சோதினையைத் திரும்பச் செய்து துளி வரேல்லை எண்டா மட்டும் தொடங்குங்கோ. புதுசா சீமெந்து பூசின இடம் எண்டா 28 நாள் விடுறது வழக்கம். மாதம் தெரிவு செய்யக்கூடியவை எண்டா ஜனவரி, பெப்ரவரி நல்லம், மே மாசம் தென்மேல் பருவமழையிலையும் ஒக்டோபர் நவம்பர் மழையிலையும் எதுவும் கெதியாக் காயாது.

சாமான் வாங்க பழைய சோனகத் தெரு, குவாரி றோட் பக்கம் போனா ஒரே இடத்திலை எல்லாம் எடுக்கலாம், இல்லாட்டி உங்கட சந்தியிலை இருக்கிற ஹாட்வெயாரிலையே இருக்கும். சுரண்டுற தகடு ஒண்டு அகலமானது ஒண்டு ஒடுக்கமானது, சாண்ட் பேப்பர் 80, 120, 180 நம்பர், சீமெந்துப் பட்டி, அல்கலிக்கு (சீமெந்திலை இருக்கிற காரத்துக்கு) தாக்குப்பிடிக்கிற வோல் பிரைமர், பெயின்ற், சின்ன ரோலர், ரெண்டு அங்குல பிரஷ், கண்ணுக்குப் போடுற கண்ணாடி, மாஸ்க்.

முதல்லை மெயினிலை பாத்ரூம் லைட்டின்ரை பிரேக்கரை இறக்குங்கோ, சீலிங்கிலை ஈரம் இருந்தா வயருக்குள்ளையும் இருக்கலாம், வெளிச்சத்துக்கு டோச் காணும். பிறகு தண்ணி போற ஓட்டையை டேப் அடிச்சு மூடுங்கோ, இதைக் கனபேர் மறந்து, சுரண்டின பட்டியெல்லாம் ஓட்டைக்குள்ளை போய் இறுகி பேந்து பிளம்பருக்குக் காசு குடுக்கினம். கொமட்டை மூடி பொலித்தீன் போடுங்கோ, நிலத்துக்குப் பழைய பேப்பர். ஈர டைலிலை ஏணி வைக்காதேங்கோ.

சுரண்டேக்கை தகட்டை நிமிர்த்திக் குத்தாமல் சரிச்சு, பெயின்ற்றுக்குக் கீழாலை நுழையிற மாதிரித் தள்ளுங்கோ. லேசா வாறது எல்லாம் வரட்டும், எங்கை தகடு வழுக்கிக்கொண்டு போகுதோ அங்கை நிப்பாட்டலாம். நிண்ட இடம் உண்மையா பிடிச்சிருக்கா எண்டு பாக்க பிளேட்டாலை ஒரு பெருக்கல் அடையாளம் கீறி அதுக்கு மேலை டேப்பை நல்லா அமத்தி ஒட்டி ஒரேயடியா இழுங்கோ, டேப்போடை பெயின்ற் வந்தா இன்னும் சுரண்டோணும். அப்பிடியே தகட்டின்ரை பிடியாலை தட்டிக்கொண்டு போங்கோ, பொள்ளெண்டு சத்தம் கேட்டா பூச்சே ஸ்லாப்பை விட்டிட்டுது, அதைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசோணும், அது மேசன் பாஸின்ரை வேலை.

பூஞ்சணத்தைத் துடைக்க பிளீச் ஒரு லீற்றர் தண்ணிக்கு 60 மில்லிலீற்றர் கணக்கிலை கலந்து தடவி, பத்து நிமிசம் விட்டு, கழுவித் துடைச்சுக் காயவிடுங்கோ. கொமட் கழுவுற அமிலத்தோடையோ அமோனியா உள்ள சாமானோடையோ பிளீச்சைக் கலந்திடாதேங்கோ, நச்சு வாயு வரும், பூட்டின பாத்ரூமுக்குள்ளை அது ஆளையே விழுத்திப்போடும். பூஞ்சணத்துக்கு மேலை நேரா பெயின்ற் அடிச்சா அது சாகாது, ரெண்டு மாசத்திலை வெளியிலை வரும்.

இப்ப சுரண்டின இடத்துக்கும் நிக்கிற பெயின்ற்றுக்கும் நடுவிலை ஒரு படி இருக்கும், அதைக் கையாலை தடவினாத் தெரியாத அளவுக்கு 80ஆலை தொடங்கி 120ஆலை தேய்ச்சுச் சரிவாக்குங்கோ. இந்த விளிம்பிலைதான் பேந்து உரிவு தொடங்கும், அவசரப்படாமல் செய்யுங்கோ. தூசைத் துடைச்சு பிரைமர் ஒரு கோட், பிறகு பட்டி. பட்டி எண்டா சீமெந்துப் பட்டிதான், ஹோலுக்குப் பூசுற சாதாரண உள்சுவர்ப் பட்டி தண்ணி பட்டா இளகும், பாத்ரூமுக்குச் சரிவராது. ஒரே தரத்திலை தடிப்பா அப்பாமல் மெல்லிசா ரெண்டு தரம், நடுவிலை காயவிட்டு, 180ஆலை தேய்ச்சு, அந்தப் பட்டி பூசின இடத்துக்கு திரும்பவும் பிரைமர். மண்ணிறக் கறை இருந்த இடத்துக்கு தண்ணியிலை கலக்கிற பிரைமர் காணாது, கறை அதுக்குள்ளாலையும் ஊறி மேலை வரும், கறை மறைக்கிற எண்ணெய்ப் பிரைமரை அந்த இடத்துக்கு மட்டும் தடவுங்கோ, மணம் கடுமை, கதவைத் திறந்து வைச்சு நெருப்பு ஒண்டும் கிட்ட இல்லாமல் செய்யோணும்.

கடைசிக் கோட்டுக்கு எனாமல் அடிச்சா தண்ணி போகாது எண்டு சில பாஸ்மார் சொல்லுவினம். கேக்காதேங்கோ. சீமெந்திலை இருக்கிற காரம் எனாமலிலை இருக்கிற எண்ணெயைச் சவர்க்காரம் மாதிரி ஆக்கிப்போடும், கொஞ்ச ஈரம் இருந்தாலே பிசுபிசுத்துக் கொப்பளிக்கும். எமல்ஷன் எடுங்கோ, பாத்ரூமுக்கு எண்டு போட்டது, அல்லது பூஞ்சணத்துக்கு எதிரானது எண்டு டின்னிலை இருக்கிற சற்றின் பினிஷ் (லேசா மினுங்கிறது). மல்டிலாக், நிப்பொன், டூலக்ஸ் எந்தக் கொம்பனி எண்டாலும் பரவாயில்லை, கீழை செய்த வேலைதான் தாங்கும். 3 சதுர மீற்றர் சீலிங்குக்கு ரெண்டு கோட்டுக்கு ஒரு லீற்றர் தாராளம். ஓரங்களை முதல்லை பிரஷாலை வெட்டி, நடுவை ரோலராலை, மெல்லிசா. ரெண்டு கோட்டுக்கு நடுவிலை டின்னிலை ரெண்டு மணித்தியாலம் எண்டு இருந்தாலும் மழைநாளிலை நாலு அஞ்சு மணித்தியாலம் விடுங்கோ, முதல் கோட் காயாமல் ரெண்டாவதை உருட்டினா ரோலரோடை இழுபட்டு வரும்.

அடிச்சு முடிச்சு குறைஞ்சது ஒரு நாள், ஏலுமெண்டா மூண்டு நாலு நாள் அந்த பாத்ரூமிலை சுடுதண்ணி வேண்டாம், பெயின்ற் முழுசா இறுக ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும். அதுக்கு முதல் ஆவி பட்டா சீலிங்கிலை தேன் நிறத்திலை பிசின் மாதிரிக் கோடுகள் வழியும், அதைக் கண்டு திரும்ப லீக் எண்டு பயப்படாதேங்கோ, காயாத பெயின்ற்றுக்குள்ளை இருக்கிற கரையிற சாமான்தான் வெளியிலை வருது. வெறும் தண்ணியிலை நனைச்ச துணியாலை துடைச்சுவிடுங்கோ, ரெண்டொரு தரம் திரும்பவும் வரும், பேந்து நிண்டிடும்.